இரண்டு பக்கமும் ஓடும் ஆறு

சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "உங்க ஊர்ல ஆறு இருக்கா?" என்று பெண் கேட்டாளாம். வேலை, வீடு, வருமானம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள், இதை மட்டும் கேட்டாள். சித்தப்பா யோசிக்கவே இல்லை. "இருக்குதே, ஊரை ஒட்டியே போவுது" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா குனிந்து தட்டிலிருந்த மிக்சரைக் கிளறிக்கொண்டிருந்தாராம். அப்பா பொய் சொல்ல மாட்டார். பிறர் சொல்லும்போது குறுக்கே விழவும் மாட்டார்.

மரக்காணத்தில் ஆறு கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரைக்கும் சித்தப்பா வேலை பார்க்கும் உப்பளம். இரண்டுக்கும் நடுவே, வெள்ளைக்காரன் காலத்தில் படகு விடுவதற்காக வெட்டிய பக்கிங்காம் கால்வாய். சித்தப்பா மனதில் வைத்துச் சொன்னது அதைத்தான்.

தை மாதம் மாதா கோவிலில் கல்யாணம் முடிந்தது. மறுநாள் காலையிலேயே சித்தி ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டார். சாட்சிக்கு ஆள் இருந்தால் தைரியம் என்று நினைத்திருப்பார். கால்வாய்க் கரையில் சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள். பழக்கதோஷத்தில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டவள் அப்படியே துப்பினாள்.

"கடலோரம் பாரு, கொஞ்சம் கரிக்கத்தான் செய்யும்" என்றார் சித்தப்பா.

சித்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்தாள். "இது எந்தப் பக்கம் ஓடுது?"

"காலையில இப்படிப் போவும். சாயங்காலம் கடல் ஏறுச்சுன்னா அப்படித் திரும்பும். உங்க ஆறு ஒரு பக்கம்தானே போவும்? எங்க ஆறு ரெண்டு பக்கமும் போவும்."

நான் சிரித்துவிட்டேன். சித்தி சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. எங்கள் வீட்டைப் பயமுறுத்தியது அதுதான். கோபத்தைக் கொட்டித் தீர்க்கும் பெண்களை எங்கள் வீடு பார்த்திருக்கிறது. சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ஒன்றுமே சொல்லாத பெண்ணை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

சித்தி பேசியது என்னிடம் மட்டும்தான். மாலையில் எனக்குத் தலைவாரும்போது ஆற்றைப் பற்றிச் சொல்வாள். அவர்கள் ஊர் மண்ணே ஆறு கொண்டுவந்து போட்டதாம். வெள்ளம் வரும் வருஷமெல்லாம் வண்டல் படிந்து படிந்து நிலமானதாம். அந்த மண்ணில் கல்லே கிடையாது, எறிவதற்குக்கூடக் கல்லைத் தேடித்தான் எடுக்க வேண்டும் என்றாள். ஆறு கிளை பிரிந்த இடத்திலெல்லாம் ஊர். ஊர் இருக்கும் இடத்திலெல்லாம் கோயிலோ சர்ச்சோ சந்தையோ. தண்ணீர் வந்த பிறகுதான் நாற்று, நாற்றுக்குப் பிறகுதான் நடவு, அறுப்பு முடிந்தால்தான் கல்யாணம். அண்ணன் தம்பி பேசாமல் போனதும் தண்ணீரால்தான், மறுபடி பேசியதும் தண்ணீரால்தான். "எங்க ஊர்ல ஒரு விஷயம் நடந்தா அதுக்குப் பின்னால ஆறு இருக்கும் பாப்பா" என்பாள். சீப்பு என் தலையில் பாதியில் நிற்கும்.

அந்த ஆண்டு நான் ஆறாம் வகுப்பு. நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில்தான் தோன்றின என்று புத்தகத்தில் பாடம் வந்தது. ஒரு நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன்: "அப்பா, நமக்கு ஆறு இல்லல்ல? அப்போ நமக்கு நாகரிகமும் இல்லையா?"

அப்பா கையில் ஏந்திய ரசத்தை உறிஞ்சினார். சித்தப்பாதான் பதில் சொன்னார். "நாகரிகம் வந்தவங்க எல்லாரும் சோத்துல எதைப் போட்டு தின்னாங்களாம்? கேட்டியா உங்க டீச்சரை?"

அம்மா அடக்கமுடியாமல் சிரித்தாள். சித்தியின் உதட்டோரம்கூட ஏதோ அசைந்தது போலிருந்தது. ஆனால் அவள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆடி பிறந்ததும் சித்தி பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். கிறிஸ்தவர்களுக்கு ஆடி என்ன ஆவணி என்ன என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். ஆனால் புதுப்பெண் போகிறேன் என்று சொன்னால் யாரும் தடுப்பதில்லை. அவள் பெட்டி அடுக்குவதைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, அப்பாவிடம் அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணப் புடவையையும் எடுத்து வெச்சிருக்கா." அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல புடவைதானே, எடுத்துப்போகட்டுமே என்றிருந்தது.

அன்று மாலை அப்பா ஓர் ஆச்சரியமான காரியம் செய்தார். ஜுரம் அடித்தால்கூடப் பள்ளிக்கூடத்துக்கு லீவு தராத மனிதர், "பாப்பாவையும் கூட்டிட்டுப் போம்மா, ஆத்தப் பாத்துட்டு வரட்டும். நீ வரும்போது கூட்டிட்டு வந்துடு" என்று சித்தியிடம் சொன்னார். நான் குதித்தேன். என்னை எதற்காக அனுப்புகிறார்கள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. பாடத்தில் வந்ததை நேரில் பார்க்கட்டும் என்று பெருந்தன்மையாக விடுகிறார் என்றே நம்பினேன்.

பாண்டி, கடலூர், சிதம்பரம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். மயிலாடுதுறையைத் தாண்டி ஒரு பாலத்தில் ஏறும்போது சித்தி என் தோளைத் தட்டினாள். "இதான் பாப்பா!"

எட்டிப் பார்த்தேன். வெறும் மணல். அதில் மாட்டுவண்டித் தடம், நாணல், மட்டையும் பந்துமாக நாலைந்து பையன்கள். அகலமும் பெரிதாக இல்லை. கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது அழுகையை வரவழைத்தது. "இதுவா சித்தி?" என்றேன்.

"தண்ணி இன்னும் வரல" என்றாள். அவள் குரல் சுருங்கியிருந்தது.

சித்தியின் அப்பா வாட்டசாட்டமான ஆள், பேச்சு குறைவு. வீட்டில் இருந்த நாளெல்லாம் அவர் செல்போனில் யாரையாவது கேட்டுக்கொண்டே இருந்தார். அணை திறந்தாச்சா, கல்லணைக்கு வந்தாச்சா, நம்ம பக்கம் எப்ப விடுறாங்க. வயல் வெடித்துக் கிடந்தது. ஊரே அதைத்தான் பேசியது. நான் ஏமாந்துபோனதைக் கவனித்தவர், ஒருநாள் சாப்பிடும்போது, "வர்ற வழியில அத்தனை பேருக்கும் குடுத்துட்டு வருதும்மா. எங்க கிட்ட வரும்போது இளைச்சுப் போயிருக்கும்" என்றார்.

வாரக் கடைசியில் சித்தப்பா வந்து இறங்கினார். உப்பு வாரும் மும்முரத்தில் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். வெயிலில் கறுத்து, வெள்ளை வேட்டி சட்டையில் பளிச்சென்று இருந்தார். சித்தி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "எப்ப கெளம்பலாம்?" என்று அவர் கேட்டதற்கு, "பாப்பாவை வேணும்னா கூட்டிட்டுப் போங்க" என்றாள். சித்தப்பா சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அப்போதுதான் தெருவில் யாரோ கத்தினார்கள். "தண்ணி வந்திருச்சு!"

ஊர் மொத்தமும் ஓடியது. நானும் ஓடினேன். ஆறு என்றால் சுவர்போல் எழும்பி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு. காய்ந்த சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பழுப்பு நிறத்தில், ஒரு விரல் உயரத்துக்கு ஒரு தண்ணீர் விரிப்பு, குழந்தை தவழ்கிற வேகத்தில் மணலை நனைத்தபடி வந்தது. பள்ளத்தில் நின்றது, நிரம்பியதும் நகர்ந்தது. எறும்புகள் அதற்கு முன்னால் ஓடின. பெண்கள் குலவையிட்டுப் பூவும் மஞ்சளும் போட்டார்கள். சர்ச் தெருக்காரர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் தண்ணீருக்கு முன்னால், அதற்கு முகம் காட்டியபடி பின்னோக்கி நடந்தார்கள்.

சித்தப்பாவும் அப்படி நடக்கப் பார்த்தார். பழக்கமில்லை. குழியில் கால் மாட்டி வெள்ளை வேட்டியோடு பொத்தென்று உட்கார்ந்தார். எழுவதற்குள் காவிரி அவரைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் பிரிந்து போனது. "யோவ், ஆத்துக்குள்ள தீவு ஆயிட்டாருய்யா மாப்ள!" என்று ஒருவர் கத்த, கரையே சிரித்தது. சித்தியும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா எழுந்துகொள்ளாமல், தண்ணீரை அள்ளி ஒரு வாய் குடித்தார். "ஆமா, இதான் ஆறு" என்றார், அவளைப் பார்த்து. "நான் சொன்னது பொய்தான்."

அன்று சாயங்காலம் கூடத்தில் சித்தியின் அப்பாவிடமும் சித்தப்பா அதையே சொல்லப்போனார். பெரியவர் கையமர்த்தினார்.

"உங்க ஊர்ல ஆறு இல்லன்னு எனக்குத் தெரியும் மாப்ள. வீடு பாக்க வந்தப்பவே தேடிப் பாத்தேன்."

சித்தப்பா விழித்தார்.

"தெரிஞ்சுதான் குடுத்தேன். வருமா, வராதா, எப்ப திறப்பான்னு கேட்டுக் கேட்டே என் பொழப்பு போயிருச்சு. உங்க கடல் யாரும் திறந்துவிட்டு வர்றதில்ல பாருங்க. அது போதும்னு நெனச்சேன்."

சமையலறை வாசலில் சித்தி காபி டம்ளர்களோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. டம்ளர்களை வைத்துவிட்டு தன் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் காபியை ஆற்றுவதிலேயே கவனமாக இருந்தார்.

மறுநாள் காலை அவள் பெட்டி கட்டியிருந்தாள். அவளுடைய அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விடியலிலேயே வயலில் மடை திறந்துவிட்டு வந்தவருக்குக் காலில் சேறு காயவில்லை.

பஸ்ஸில் நான் நடுவில், சித்தி ஜன்னலோரம். பாலம் வருகிறது என்று தெரிந்ததும் நான் அவள் மடிமீது சாய்ந்து எட்டினேன். ஒரே நாளில் ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது; முன்னால் போன பஸ்ஸிலிருந்து எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எங்கள் பஸ் பாலத்தில் ஏறிய அதே நேரத்தில் சித்தி ஜன்னல் ஷட்டரைச் சடாரென்று இறக்கிவிட்டாள்.

"ஐயோ சித்தி, ஆறு தெரியல!" என்று கத்தினேன்.

"தூசி அடிக்குது பாப்பா" என்றாள்.

வழியெல்லாம் தண்ணீரும் ஈரமுமாக இருக்கும்போது தூசி எங்கிருந்து வரும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சித்தப்பாவிடம் முறையிடத் திரும்பினேன். அவர் உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று தலையசைத்தார். நல்ல காட்சியைக் கெடுத்துவிட்டாள் என்று சிதம்பரம் வரைக்கும் நான் சித்தியோடு பேசவே இல்லை.