மிதிக்காத எழுத்து

எழுபதுகளில் உத்திரமேரூரில் காகிதப் பொம்மை என்றால் நான்தான். பழைய புத்தகங்களைத் தொட்டியில் ஊறவைத்து, காலால் மிதித்துக் கூழாக்கிப் பொம்மை செய்வேன். மிதிப்பதற்கு மானாம்பதி அஞ்சலையை வேலைக்கு வைத்தேன். அவள் தொட்டியில் இறங்க மறுத்தாள்.

“எயுத்த மிதிக்க மாட்டேண்ணா.”

“எல்லாம் கரைஞ்சி போச்சும்மா,” என்று சிரித்தேன்.

“எனுக்குப் படிக்கத் தெரியாது. கரைஞ்சிச்சா இல்லியான்னு நான் இன்னாத்தக் கண்டேன்?”

என் சிரிப்பு நின்றது. அத்தனையையும் படித்துவிட்டு மிதித்தவன் நான். அன்று இருவரும் கையாலேயே பிசைந்தோம். அந்தக் கூழில் செய்த முதல் பொம்மையின் உள்ளங்கையில், பாடப்புத்தகத்திலிருந்து கிழித்த ‘அ’வை ஒட்டி அவளுக்கே கொடுத்தேன்.

“இது இன்னா எயுத்து?”

“உன் பேரோட மொத எழுத்து.”

அஞ்சலை கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என் கைத்திறமையில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. காலுக்குத்தான் அன்றோடு வேலை போயிற்று.