'பலனில்லை' என்று முடிந்த கட்டுரை

ஏர் கூலர் தட்டியில் நனைந்த புல்லின் வாசனை வந்தால் எனக்கு அந்த ஆபீஸ்தான் ஞாபகம் வரும். ஆர்.கே.புரத்தில் ஒரு மாடி, ஒரு மருத்துவ ஜர்னல், என் முதல் வேலை...

வருகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிரின்ட் எடுத்துப் பிரிக்க வேண்டும். சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் பார் என்று எடிட்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மருந்து வேலை செய்தால் ரிவ்யூவுக்கு, செய்யாவிட்டால் எழுதியவருக்கே வாபஸ். வேலை செய்யாத மருந்தைப் பற்றி எவன் படிப்பான் என்பார்.

நானும் சமர்த்தாகப் பிரித்தேன். மத்தியானத்துக்குள் மேஜை காலி. அதில் பெருமை வேறு!

ஒரு நாள் ஜனக்புரி மீனாட்சி அக்காவின் கட்டுரை வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ டாக்டர், எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். குறைப்பிரசவத்தைத் தடுக்கப் போடும் ஒரு ஊசியை மூன்று வருஷம் சோதித்திருந்தார். கடைசி வரி, பலனில்லை.

திருப்பி அனுப்பிவிட்டேன். முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் மலை மந்திர் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி வித்யா, நல்ல ரிசல்ட் வந்தா போடுவீங்க, வரலேன்னா போட மாட்டீங்களா? அப்போ அந்த ஊசியைக் குத்திக்கிட்டேதானே இருப்பாங்க?"

"நான் என்னக்கா பண்ண, ரூல் அப்படி."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து என் தங்கை சுமதிக்கு ஏழாம் மாதமே வலி வந்தது. பக்கத்து நர்சிங் ஹோமில் ஊசி போட்டார்கள். சீட்டில் பெயரைப் பார்த்தேன், மீனாட்சி அக்கா சோதித்த அதே ஊசி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? ஊசி போட்டாச்சு, வலி நின்னுடும். எல்லா ஜர்னல்லயும் நல்லாதானே எழுதியிருக்கு," என்றார் டாக்டர்.

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை, பாவி.

குழந்தை மறுநாள் அங்கேயே பிறந்தது. அவ்வளவு சின்னதைக் காப்பாற்ற அங்கே வசதி கிடையாது. மத்தியானம் வரை மூச்சிருந்தது...

அன்று பிரின்ட், பென்சில், என் கை. இன்று எல்லாம் கம்ப்யூட்டரில், நிராகரிப்புக் கடிதம்கூடத் தானாகப் போகிறதாம். 'பலனில்லை' என்று முடிவதையும் போடுகிற ஜர்னல்கள் சில வந்துவிட்டன. அக்காவின் கட்டுரை மட்டும் கடைசிவரை எங்கும் வரவில்லை.

போன மாதம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சுமதி திடீரென்று கேட்டாள்.

"அக்கா, இப்பல்லாம் அந்த ஊசியை யாரும் போடுறதில்லையாம். அது வேலை செய்யாதுன்னு அப்போ யாருக்குமே தெரியாதா?"

"தெரியாதுடி," என்றேன்.