இருபத்திரண்டாம் பயணத்தோடு நின்றது

என் லேப்டாப் வாங்கிப் பதினொரு வருடமாகிறது. ஆன் செய்தால் திரை எழுந்து வரப் பதினான்கு நிமிடம் ஆகும். டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குள் கடுங்காப்பி போட்டுக் குடித்துவிடலாம். மதினி அண்ணனின் ஒரு வீடியோவைக் கேட்டிராவிட்டால் அப்படியே இன்னும் சில வருடம் ஓட்டியிருப்பேன்.

அண்ணன் சரக்குத் தோணியில் என்ஜின் டிரைவர். பழைய துறைமுகத்தில் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார். திரும்பி வந்ததும் போனில் எடுத்த வீடியோக்களை என் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, அடுத்த பயணத்துக்காகப் போனைக் காலி செய்துகொள்வார். பயணத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று நான் எண் போட்டு வைத்தேன். எதில் எத்தனை வீடியோ என்பது டைரியில் இருக்கும். முப்பத்தொன்று வரை சேர்ந்தது. முப்பத்திரண்டாவது பயணத்தில் தோணி மூழ்கியது. மற்றவர்களை மீட்டார்கள். அண்ணன் உடல் கிடைக்கவில்லை.

"கல்லறைத் திருநாளைக்கு எல்லாரும் பூவும் மெழுகுதிரியும் வாங்கிட்டுப் போவாக. நான் எங்க போவேன்?" என்றாள் மதினி. "வெங்காய மூட்டை மேல உக்காந்து பேசுவார்லா, அத மட்டும் என் போன்ல ஏத்திக் குடுங்க தம்பி. வீட்டுலயே இருந்து கேட்டுக்கிடுதேன்."

அது முப்பத்தொன்றாம் பயணத்தில் எடுத்தது. "ஏளா, இங்கன பாரு, கடலு எப்படிக் கெடக்குன்னு" என்று அதில் அவளைக் கூப்பிடுவார். அண்ணன் வந்திறங்கிய அன்று அவள் ஒரே ஒரு முறை பார்த்தது. திறக்க முயன்றேன். லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது.

ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் வேகமாகும் என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்குரூ எல்லாம் உப்புக்காற்றில் துருவேறி, கழற்றுவதற்குள் கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, லேப்டாப்ப கடல்ல முக்கி எடுத்தீயளா?"

புதியதைப் பொருத்திவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கைக் கேபிள் வைத்த சின்னப் பெட்டியில் போட்டு இணைத்துப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போனது.

"உள்ள டிக்கு டிக்குங்குது. ரொம்ப நேரம் தாங்காது. எது முக்கியமோ அத முதல்ல எடுத்துருங்க. மிச்சம் வந்தா வரட்டும். நான் எடுத்துத் தரட்டா?"

வேண்டாம், வீட்டில் நானே ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். லேப்டாப் பதினாறு நொடியில் வந்தது. ஒன்றாம் பயணத்திலிருந்து தொடங்கினேன். ஒரு ஃபோல்டர் ஏறி முடிந்ததும் வீடியோக்களை எண்ணி, டைரியோடு ஒத்துப் பார்த்து, டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். கடைக்காரர் சொன்னதை நான் மறக்கவில்லை. கடைசியிலிருந்து எடுத்தால் வரிசை குழம்பும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். முப்பத்தொன்றை முதலில் எடுத்திருந்தால் மூன்று நிமிட வேலை.

பத்தொன்பதில் சத்தம் கூடியது. இருபத்திரண்டுக்கு டிக் அடித்தேன். இருபத்து மூன்று பாதியில் நின்றது. பிறகு எத்தனை முறை இணைத்தும் டிஸ்க் வரவில்லை. சென்னைக்கு அனுப்பினேன், உள்ளே தகடு கீறிவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். டைரியில் ஒன்பது எண்கள் டிக் இல்லாமல் நிற்கின்றன.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மதினியிடம் போய்ச் சொன்னேன். டிஸ்க் கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். எந்த வரிசையில் எடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

"ஒண்ணுலேருந்தா எடுத்தீய?"

"ஆமா மதினி."

"நான் கேட்டது கடைசில்லா."

டிஸ்கை என் கையிலிருந்து வாங்கினாள். "இதுக்குள்ளதான இருக்காரு?"

"இருக்கு. எடுக்கத்தான் முடியாது."

"அவரும் அங்கன அப்படித்தான கெடக்காரு" என்று சொல்லி, அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

மற்ற இருபத்திரண்டையும் போனில் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அவற்றில் துறைமுகமும் என்ஜினும் கூட வேலை செய்தவர்களும் இருந்தார்கள்.

"வேண்டாம். அதுல என்னையக் கூப்புடமாட்டாரு."

மறுநாள் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அப்பா கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.