பிரஸ் மெஷினில் மாட்டிய என் வலது கை

என் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியபோது வாயில் ஒழுங்கான ஜெபம்கூட வரவில்லை. “இயேசப்பா, கை!” அவ்வளவுதான். மணிக்கணக்கில் ஜெபிக்கிற எனக்கே அந்த நிலைமை.

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கோவில்பட்டியில் கதவுக் கீல் அடிக்கும் பட்டறையில் எனக்கு வேலை. மெஷினில் இரண்டு பொத்தான் உண்டு. இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எங்களுக்கு அது பொறுக்குமா? ஒரு பொத்தானை அமுக்கி, இடுக்கில் தீக்குச்சியைச் செருகிவிடுவோம். தீப்பெட்டி ஊரில் குச்சிக்கா பஞ்சம்! வேலை வேகமாக நடக்கும். அன்று அப்படிச் சும்மா இருந்த வலது கைதான் தகட்டைச் சரிசெய்ய உள்ளே போனது.

பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் ராபியா அக்கா பாய்ந்து வந்து மோட்டாரை அணைத்தார். அச்சு பாதியில் நின்றது, என் விரல்கள் அதற்கு அடியில். பதறி ஓடிவந்த முதலாளி, அச்சு மேலே ஏறிவிடும் என்று நினைத்து மறுபடியும் சுவிட்சைப் போடப் போனார். அக்கா குறுக்கே நின்றார்.

“போடாதீங்க அண்ணாச்சி! போட்டா இன்னும் கீழதான் எறங்கும். வீலப் பின்னால சுத்துவோம், வாங்க!”

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் ஞாபகம் இருந்தது அவருக்கு மட்டும். இருவரும் மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் கனத்த வீலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திருப்பினார்கள். “ஏட்டி, அங்கன பாக்காத. என் மொகத்தப் பாரு” என்றார் அக்கா. இடையிடையே உதடு ஏதோ முணுமுணுத்தது. என்ன தைரியம் அந்த மனுஷிக்கு!

ஆஸ்பத்திரியில், கை பிழைப்பது சந்தேகம் என்றார்கள். கணவர் இல்லாதவள் நான். இரண்டு பிள்ளைகளை நினைத்து உடைந்துபோனேன். சபையார் உபவாசம் இருந்தார்கள். சுண்டுவிரல் போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கர்த்தர் என் கையைத் திருப்பித் தந்தார்.

பிறகு அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு என்ன முணுமுணுத்தீர்கள் என்று.

“வேற என்னத்தக் கேப்பேன்? அல்லாட்ட ஒன் கையத்தான் கேட்டேன்.”

இப்போது எங்கள் பட்டறையில் யாரும் பொத்தானில் குச்சி செருகுவதில்லை.

கலங்கி நிற்கிறவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். சபைக்காரர்தான் உதவிக்கு வருவார் என்று காத்திருக்காதீர்கள். ஆண்டவர் யாரை அனுப்பினாலும் நன்றியோடு பிடித்துக்கொள்ளுங்கள். நேற்று என் மகளுக்கு இந்தக் கையால் சடை பின்னினேன். கொஞ்சம் கோணல்தான். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்மா, அவுக்காத” என்று பள்ளிக்கூடம் போய்விட்டாள்.