பிரஸ் ஷாப்பில் யாருக்கும் கேட்காத விசில்

ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற வேலை. பக்கத்தில் நிற்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத்தான் ஆட்ட வேண்டும். அவ்வளவு சத்தம்.

கல்யாணமான மறுவருஷம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பெங்களூரில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் வேலை பார்த்த என் மைத்துனன், அங்கே பதிவான நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை டிவிடியில் போட்டுத் தந்தான். "இருபத்துநாலு பிட் மாமா. கேசட்டெல்லாம் இதுக்குக் கிட்ட வராது" என்றான். அந்தப் பெரிய ஃபைல்கள் எங்கள் கம்ப்யூட்டரில் திக்கித் திக்கி ஓடின. வேறு சவுண்ட் கார்டு மாட்டிய பிறகுதான் கச்சேரி தடங்கலின்றி வந்தது.

அதைப் பற்றி ஷாப்பில் பெருமையடித்துக்கொண்டேன். என்னோடு நின்ற ஆறு பேரும் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டார்கள். அவர்கள் வீட்டு ப்ளேயரில் ஓட வேண்டுமானால் சாதாரண சிடிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். இலவசமாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரில் மாற்றி, ஆறு சிடி எழுதிக் கொடுத்தேன்; எனக்கும் ஒன்று எழுதி வைத்துக்கொண்டேன். "தவில்காரர் நம்ம வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டாருப்பா" என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு காலை எங்கள் வீட்டிலும் அந்த சிடியைப் போட்டேன். மாவுக் கையோடு மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க இது விசிலு? காதக் குத்துது, நிறுத்துங்க."

"என்ன விசில்?"

"மொதல்லருந்து விடாம ஊதுதே! உங்களுக்குக் கேக்கலியா?"

ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தேன். நாதஸ்வரம் மட்டும்தான் கேட்டது. டிவிடியைப் போட்டேன். "இதுல இல்ல" என்றாள். திரும்ப சிடி. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மைத்துனனுக்குப் போன் போட்டேன். மனுசக் காதுக்கு எட்டாத உச்ச சுருதியில் ஏதோ மெஷின் சத்தம் அந்தப் பதிவில் இருந்ததாம். அதை வடிகட்டாமல் சிடிக்கு மாற்றினால் சுருதி கீழே இறங்கி, கேட்கிற சத்தமாகிவிடுமாம். "நல்லாவே கேக்குமே மாமா, உங்களுக்குத் தெரியலியா?" என்றான். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவருக்கும் விசில் கேட்டிருக்கவில்லை. எங்களில் மூத்தவர் ஊத்தங்கரைக்காரர், நாங்கள் அண்ணன் என்போம். "விசிலா? அப்பிடி ஒண்ணுமில்லியே. ஆனா சிடி போட்டா எம் பொண்டாட்டி எந்திரிச்சி வெளிய போயிடறா" என்றார். டீ நேரத்தில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இந்த பிரஸ் சத்தத்துல நம்ம காது போயிருச்சாப்பா?" என்றார் அண்ணன்.

அண்ணனும் நானும் சிடியை மேனேஜரிடம் கொண்டுபோனோம். தன் கம்ப்யூட்டரில் போட்டவர் உடனே முகத்தைச் சுளித்து நிறுத்தினார்.

"என்னப்பா இப்படிக் கத்துது?"

"எங்க ஏழு பேருக்கும் அது கேக்கல சார்" என்றார் அண்ணன்.

அவர் சிடியை வெளியே எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். "நான் பாத்துக்கறேன், போங்க."

இரண்டு வாரம் கழித்து காதில் வைக்கிற மஞ்சள் பஞ்சு ஒரு பெட்டி நிறைய வந்தது. கூடவே ஒரு தாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் காதுப் பஞ்சு தரப்பட்டது, அணியச் சொல்லப்பட்டது என்று அச்சடித்திருந்தது. கீழே எங்கள் கையெழுத்துக்கு இடம்.

அண்ணன் இரண்டு முறை படித்தார். "இன்னிக்கி வந்த பஞ்ச இத்தன வருசமா குடுத்தாங்கன்னு நான் எப்பிடிப்பா எழுதிக் குடுக்கறது?" என்று பேனாவைக் கீழே வைத்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஆரம்பித்தது நான்தானே. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் ஐந்து பேரும் போட்டார்கள்.

அந்த மாதமே, மெஷினில் கவனக்குறைவு என்று அண்ணனை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். எங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு தனியார் ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துக்கொண்டேன். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார் டாக்டர். பஞ்சை வைத்துக்கொண்டு அதே மெஷினில் இன்னும் இரண்டு வருஷம் நின்றேன்.

அண்ணனுக்கு ஒரே ஒரு முறை போன் செய்தேன். அவர் மகள் எடுத்தாள். "அப்பாவுக்குப் போன்ல பேசினா புரியாதுங்க. என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றாள்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசத்தான் போன் போட்டிருந்தேன்; அதை அவளிடம் சொல்லியனுப்ப முடியாது. சௌக்கியமா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.