நூலக்கா கலந்த நிறங்கள்

தையல் சாமான் கடையில் நூல் பிரிவில் நிற்பதால் அவளுக்கு நூலக்கா என்று பெயர். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் போதும். அதைக் கையில்கூட எடுக்கமாட்டாள். தள்ளி நின்று ஒரு பார்வை, பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு நூல்கண்டு. "கொஞ்சம் தூக்கலா இருக்கே அக்கா" என்று இழுப்பவர்களிடம், "வெளியில போய் வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க" என்பாள். போனவர்கள் திரும்பி வந்து பேசாமல் பில் போடச் சொல்வார்கள். பச்சைக்கு மட்டும் அந்தக் கடையில் ஓர் அலமாரி உண்டு. பாசிப் பச்சை, கிளிப் பச்சை, இலைப் பச்சை என்று பெயர் உள்ளவை மேல் தட்டில் இருக்கும். பெயரே இல்லாதவை கீழ்த் தட்டுகளில் கிடக்கும். அவளுக்கு எல்லாமே முகம் தெரிந்தவை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவருக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. இது அவர் குணத்தைப் பற்றிய புகார் இல்லை. கண் அப்படி, பிறவியிலேயே. கல்யாணமான புதிதில் பழுத்த தக்காளி வாங்கிவரச் சொன்னாள். பை நிறையக் காயாக வந்து இறங்கியது. அமுக்கிப் பார்க்கக் கடைக்காரன் விடவில்லை என்று அவர் காரணம் சொன்னார். தக்காளியைப் பழுத்ததா என்று அமுக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்கும் மனிதரை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

அவர் வேலை செய்தது ஒரு சலவைக் கடையில். கறை எடுப்பது அவர் பொறுப்பு, அதனால் கறைக்காரர் என்று பெயர். ரத்தமா, மையா, எண்ணெயா என்பதை மோந்து பார்த்தும் நகத்தால் சுரண்டியும் சொல்லிவிடுவார். அது ஏதோ பெரிய வித்தை என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்துத் தெரியவில்லை என்பதால்தான் மனிதர் மோந்து பார்க்கிறார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாலிபத்தில் விமானப்படையில் சேரப் போய்த் திரும்பி வந்ததைப் பற்றிக் கேட்டால், "உயரம் பத்தலைன்னுட்டாங்க" என்பார். அவர் வீட்டு வாசல் நிலையில் அவருக்குத் தலை இடிக்கும்.

படையில் சேர முடியாதவர், விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் பழைய போர் விமானங்கள். முழுதாக முடிந்தால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும் பாதி வேலைதான். மீதிப் பாதி, அதைப் பழசாக்குவது. சண்டைக்குப் போய் வந்த விமானம் பளபளவென்று இருக்குமா? இருக்காது. புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படிந்திருக்கும். விமானி ஏறி மிதித்த இடத்தில் இறக்கையின் வண்ணம் தேய்ந்திருக்கும். இன்ஜினுக்கு அடியிலிருந்து எண்ணெய் ஒழுகி, காற்று இழுத்த பக்கமாகக் கோடு போட்டிருக்கும். இதையெல்லாம் அவர் பென்சில் கரியாலும், பஞ்சாலும், ஈர்க்குச்சி மாதிரி மெலிந்த தூரிகையாலும் கொண்டுவருவார். வாரமெல்லாம் ஊரார் கறையை எடுக்கிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கறை வைப்பதைப் பார்த்து அவள் சிரித்த காலம் உண்டு. பிறகு பழகிவிட்டது.

அழுக்கில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அடர்த்தி, மென்மை, எங்கே கருக்க வேண்டும், எங்கே வெளுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. நிறம்தான் தெரியாது. நிறம் அவள் துறை. கடையில் வாங்கிய வண்ணத்தை அப்படியே பூசினால் விமானம் நேற்று வாங்கிய பக்கெட் மாதிரி இருக்கும். வெயிலில் நின்று வெளுத்த பச்சை வேண்டுமென்றால் கலந்துதான் ஆக வேண்டும். அவள் கலப்பாள். கலந்ததைக் காலி மருந்துப் புட்டிகளில் ஊற்றி ஒரு பெட்டியில் அடுக்குவாள். எந்தப் புட்டியிலும் எதுவும் எழுதியிருக்காது. எழுதுவானேன்? அவர் கேட்பார், அவள் எடுத்துக் கொடுப்பாள். பக்கத்து வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து டிவி பார்ப்பார்கள், இந்த வீட்டில் இது.

இந்த ஏற்பாடு வெளியில் யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர்கள் வருஷக்கணக்காக மறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஊரில் இப்படி விமானம் செய்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதன் செயலாளர் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சியில் இதுவரை வேடிக்கை பார்க்க மட்டுமே வந்துகொண்டிருந்த கறைக்காரர், இந்த முறை போட்டிக்கே ஒரு விமானம் வைக்க வேண்டும் என்று கேட்க வந்திருந்தார். அலமாரியிலிருந்து ஒரு விமானத்தை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழுக்கு உங்க கைவேலைன்னு ஊருக்கே தெரியும். ஆனா இந்தப் பச்சை இருக்கே, இதை எப்படிப் பிடிச்சீங்க? வீட்டுல அம்மாவும் கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்களோ?"

நூலக்கா அப்போதுதான் தட்டில் டீ எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சொன்னால் வேண்டாம் என்று தலையாட்ட வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

"அவளா?" என்று கணவர் சிரித்தார். "அவளுக்குப் பச்சைக்கும் பழுப்புக்குமே வித்தியாசம் தெரியாது சார்."

செயலாளரும் சிரித்தார். நூலக்கா டீயைக் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்கள்.

சமையல் தெரியாது என்று சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள், அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. நிறம் அவள் சோறு. நாளெல்லாம் நின்ற காலில் நின்று அவள் சம்பாதித்த பெயர். அதையே எடுத்து, தன் கண்ணில் இருக்கும் குறையை அவள் தலையில் கட்டி, அவள் முன்னாலேயே சிரித்தாயிற்று.

அடுத்த ஞாயிறு. போட்டிக்கான விமானத்தை ஒட்டி முடித்து, புட்டிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் கூப்பிட்டார். "இங்க வாயேன். இதுல மேல்பக்கத்துப் பச்சை எது?"

"எனக்கெப்படித் தெரியும்? எனக்குத்தான் வித்தியாசமே தெரியாதே."

அவர் ஒரு புட்டியின் மூடியைத் திறந்து மூடினார். பிறகு, "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றார்.

"நானும் ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன்."

தப்புதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர். பெட்டியை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். புட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், பழக்க தோஷத்தில் மோந்தும் பார்த்தார். எல்லாம் பெயிண்ட் வாசனைதான் அடித்தது.

மேல்பக்கத்துப் பச்சையும் பழுப்பும், குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி, எப்படியோ சரியாக விழுந்துவிட்டன. கண்டம் அடிவயிற்றில் இருந்தது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற எதிரிக்கு வானத்தோடு வானமாகத் தெரிய வேண்டும் என்பதால், அடிவயிறு வெளிர் சாம்பலாக இருக்க வேண்டும். வெளிறின புட்டி ஒன்றை அவர் தைரியமாக எடுத்தார். அது விமானிகளின் முகத்துக்காக அவள் கலந்து வைத்திருந்த ரோஸ். நகத்தளவு முகங்களுக்குத்தான் அது செலவாகும் என்பதால் புட்டி நிறைய இருந்தது. விமானத்தின் வயிறு முழுக்க வழித்துப் பூசினார்.

துணி மடித்துக்கொண்டிருந்த நூலக்கா அதைப் பார்த்தாள். முதலில் உள்ளுக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கவிழ்த்து வைத்திருந்த அந்தப் போர் விமானம் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி கிடந்தது.

ஆனால் அதன்மேல் அவர் கறை வைக்கத் தொடங்கியதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியொரு கறையை அவர் அதுவரை வைத்ததில்லை. எண்ணெய் ஒழுகிய கோடு ஆரம்பத்தில் தடித்து, போகப் போக மெலிந்து, வால் பக்கம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் முடிந்தது. துப்பாக்கி வாயைச் சுற்றிக் கரியை அவர் ஊதியும் விரலால் தேய்த்தும் படியவைத்தபோது, சுட்ட சூடு இன்னும் ஆறவில்லை என்றே தோன்றியது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் குனிந்திருந்ததைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாமா என்றும் இருந்தது.

வெளியூரில் வேலையிலிருந்த மகள் போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பதறினாள். "அம்மா, சொல்லிடும்மா. அங்க போய் அப்பா மானம் போயிடும்."

"போகட்டும். திரும்பி வர்றப்ப உண்மையைக் கையோட கூட்டிக்கிட்டு வரட்டும்" என்றாள் நூலக்கா.

சொல்லிவிட்டாளே தவிர மனசு குறுகுறுத்தது. கண்காட்சிக்குப் புறப்படும்போது, விமானத்தைப் பஞ்சு வைத்து அட்டைப்பெட்டியில் அவளேதான் இறக்கினாள். "என்னங்க, கிளம்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட எதாவது கேக்கணுமா?" என்று கடைசியாக ஒரு வழி விட்டுப் பார்த்தாள்.

"குடை எடுத்தியா?" என்றார்.

கண்காட்சி ஒரு கூட்ட அரங்கில். வெள்ளை விரித்த நீள மேசைகள், மேலே குழல் விளக்குகள், அடிவயிறும் தெரியட்டும் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் கீழே ஒரு கண்ணாடி. கறைக்காரர் தன் விமானத்தை எடுத்து வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். ஆட்கள் வந்தார்கள். மேல்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள், கண்ணாடியைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார். ஒரு மூலையில் கிளம்பிய சிரிப்பு இருமலாக மாறியது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் புன்னகை செய்துகொண்டு நின்ற அந்த முகத்தைத்தான் நூலக்காவால் தாங்க முடியவில்லை. இதைப் பார்க்கவா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

செயலாளர் வந்து குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்ன இது, அடிவயிறு ரோஸா இருக்கே?"

கறைக்காரரின் முகம் வெளுத்தது. அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. பார்த்தும் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். அவளைப் பார்த்தார்.

"தப்பு என்மேலதான் சார்" என்றாள் நூலக்கா. "புட்டியை நான்தான் மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன். எனக்குத்தான் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு இவரே உங்ககிட்ட சொல்லியிருக்காரே."

செயலாளருக்கு நிம்மதியாகப் போயிற்று. "அதானே பார்த்தேன். சரி விடுங்கம்மா. வீட்டுப் பொம்பளைங்க கையில இதையெல்லாம் குடுத்தா இப்படித்தான்."

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். கறைக்காரர் அப்படியே தப்பித்து வீட்டுக்குப் போயிருக்கலாம், வழி திறந்துதான் இருந்தது.

"இல்லை சார்" என்றார் அவர். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "அவ புட்டி எதையும் எடுத்துக் குடுக்கலை. அவ குடுத்திருந்தா இது சரியா இருந்திருக்கும். தெரியாதது எனக்குத்தான். எனக்குக் கண்ணுல நிறம் தெரியாது. எங்க வீட்டுல நீங்க பார்த்த பச்சை, பழுப்பு, சாம்பல் எல்லாம் அவ கலந்தது. நான் அழுக்கு மட்டும்தான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "விமானப்படையில என்னை எடுக்காததுகூட உயரத்தினால இல்லை."

"உயரத்துல என்ன குறைச்சல்னு நானும் நெனைச்சதுண்டு" என்றார் செயலாளர், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

நூலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும் என்றுதான் இருந்தாள். அவர் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிவிட்டார். சந்தோஷமாகவும் இருந்தது, பாவி மனுஷன் இப்படியா ஊரைக் கூட்டிச் சொல்வது என்று வெட்கமாகவும் இருந்தது.

"என்ன நிறத்துல அடிச்சிருக்கேன்?" என்று அவர் அவளிடம் கேட்டார்.

"விமானி மூஞ்சிக்கு வெச்சிருந்தது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடியே கேட்டிருக்கலாமே."

அந்த விமானத்துக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கூடாது என்பது நூலக்காவின் கட்சி. ஆனால் அவர் உடனே வீட்டுக்குக் கிளம்பவில்லை. வருஷா வருஷம் அந்த அரங்குக்கு வந்து, மேசை மேசையாக நின்று, எல்லா விமானத்தையும் பார்த்து "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். எது என்ன நிறம் என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, யாரிடமும் கேட்டதும் இல்லை. அன்றைக்கு முதல் மேசையிலிருந்து ஆரம்பித்தார்.

"இது?"

"பச்சை."

"இது?"

"அதுவும் பச்சைதான். ஆனா இது வெயில் படாத பச்சை."

நாலு பேர் கேட்கத்தான் கேட்டார். ஒன்றைக்கூட விடவில்லை. அவள் சொல்லச் சொல்ல, குனிந்து அந்த விமானத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார், அப்புறம் அடுத்ததற்கு நகருவார். முதல் பரிசு வாங்கிய செயலாளரின் விமானத்துக்கு எதிரில் வந்து நின்றார்கள்.

"இது எப்படி?"

நூலக்கா அதைத் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அவர் காதருகே வந்து, "நீலம் கொஞ்சம் ஜாஸ்தி. மெதுவா பேசுங்க, அவர் பக்கத்துலதான் நிக்கறார்" என்றாள்.

"அப்படியா, நீலம் ஜாஸ்தியா?" என்று அவர் உரக்கக் கேட்டார்.