தாழியைச் சாப்பிடக் கூப்பிட்டேன்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் இது நடந்தது. அதுவும் ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில்.

1937, ஆடி மாதம். குத்துக்கல்வலசைக்கு மேற்கே ஒரு பொட்டலில் கூடாரம் அடித்து, பழங்காலத்துத் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தோம். செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள். அவற்றைப் படம் வரைவது என் வேலை. அன்று ஞாயிறு. எல்லாரும் அருவிக்குக் கிளம்பினார்கள். சமையல்கார மசூது மட்டும் என்னைக் கூப்பிட்டான்.

“ஒத்தையில இங்கன என்ன செய்யப் போறீய அண்ணாச்சி? குத்தாலத்துக்கு வாங்களேன்.”

“நீ போ லே.”

என் மனைவி குருவம்மாள் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அன்றிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

உச்சிப்பொழுது. சாரல் நின்றிருந்தது. பழைய சோற்றைப் பிழிந்து இலையில் வைத்தேன். எதிரே ஒரு தாழி. வாய் மட்டும்தான் வெளியே தெரிந்தது. உள்ளே இறுகிப்போன மண். எதிரே ஆள் இருந்தால் கூப்பிடாமல் சோற்றில் கை வைப்போமா? பழக்கதோஷம்… சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“வாங்க, சாப்பிடலாம்.”

ஓர் இலைத்துண்டில் ஒரு பிடி சோறும் ஒரு வெங்காயமும் வைத்துத் தாழியருகே தள்ளினேன்.

நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். காக்கைச் சத்தம் சட்டென்று நின்றது.

சர்… சர்…

சோறு பிசையும் சத்தம். என் கை சும்மா இருந்தது.

எதிர் இலையைப் பார்த்தேன். சோறு குறைந்திருந்தது.

நறுக்…

வெங்காயம் கடிபட்டது.



அந்த இலை தானாக மடிந்தது… தாழியின் பக்கமாக.

சாயங்காலம் மசூதிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“சாப்பிட்டவுக சும்மா இருப்பாகளா அண்ணாச்சி? பதிலுக்கு உங்களக் கூப்பிடுவாகள்லா!”

மறுநாள் அந்தத் தாழியைத் தோண்டினார்கள். கடப்பாரைக்கே மசியாத மண். அடியில் எலும்புகள். நடுவே இரண்டு கறுப்புச் சட்டிகள்.

ஒன்றில் பாதி கடித்த வெங்காயம்.

மற்றதில் சட்டி நிறையச் சோறு. தொட்டுப் பார்த்த மசூது விரலை உதறினான்.

“சுடுது…”

இப்போது அவன் சிரிக்கவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

நல்லவேளை பிடித்தான். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்… ஆறு மாதம் கழித்து அப்போதுதான் எனக்குப் பசித்தது.